வானிலைக்குப் பின்னால் ஒரு வள்ளம்

தொலைக்காட்சிச் செய்தி எப்படி அமைக்கப்படுகிறது, எப்படி வழங்கப்படுகிறது என்று ஐந்து பக்கத்துக்குள் எழுதித் தரும்படி ஊடகம் படிக்கும் பிள்ளைகள் இரண்டுபேர் வந்து கேட்டார்கள். தங்கள் ஆண்டு மலருக்காம். ஆளைப் பிழையாகப் பிடித்துவிட்டீர்கள் என்றுதான் முதலில் சொன்னேன். நான் ஒருநாளும் கமராவுக்கு முன்னால் இருந்து செய்தி வாசித்தவன் அல்ல. கொழும்பில் ஒளிபரப்புக் கூடத்துக்குள் என் சீவியத்தில் இரண்டு தரம்தான் கால் வைத்தேன். இரண்டு தரமும் அங்கிருந்த குளிர் பிடித்துத் தடிமனோடுதான் ஊர் திரும்பினேன். நான் யாழ்ப்பாணத்து நிருபர். மரக்கறி வெட்டிக் கொடுத்தவன். சமைத்துப் பரிமாறியவர்கள் வேறு ஆட்கள்.

"அப்பிடியெண்டால் வெட்டினதைப் பற்றி எழுதுங்கோ, ஐயா" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. வாய்க்காரி. அவளுக்காகத்தான் பேனையை எடுத்தேன். தலைப்புச் செய்தியில் தொடங்கி வானிலையில் முடியும் அந்தக் கால் மணித்தியாலத்தில் பன்னிரண்டு செக்கன் ஒருகாலத்தில் எனக்குச் சொந்தமாக இருந்தது. அதைப்பற்றி எழுதலாம். மிச்சத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் அச்சுப்பிழை பார்ப்பவனாகச் சேர்ந்தேன். நாலு வருடத்தில் கண் கெட்டுப்போய்விடும் என்று பயந்து நிருபர் வேலைக்கு மாறினேன். சைக்கிளும் ஒரு கொப்பியும்தான் ஆயுதம். பிறகு கொழும்பு வானொலிக்கும் யாழ்ப்பாணச் செய்தி அனுப்பத் தொடங்கினேன். அங்கேதான் அருமைநாயகம் சேரிடம் அகப்பட்டேன்.

அகப்பட்டேன் என்பது சரியான சொல். அவர் செய்தி ஆசிரியர். வட்டுக்கோட்டையில் படித்த மனிதர். மெலிந்த தேகம், காதில் சிவப்புப் பென்சில். எங்கள் ஊர்ச் செய்தி கொழும்புக்குப் போவதென்றால் தபாற்கந்தோரில் போய் நின்று, வெளியூர் அழைப்புக்கு, நாங்கள் ரங்கோல் என்போம், பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஒரு மணித்தியாலம் நின்றபின் இணைப்புக் கிடைக்கும். "வணக்கம் சேர்" என்பேன். அந்தப் பக்கத்தில் பதில் வணக்கம் வராது. ஒரே ஒரு கேள்விதான் வரும்.

"முதல் வசனம்?"

முதல் வசனத்தை உடனே சொல்லத் தெரியாவிட்டால் செய்தி இன்னும் கைக்கு வரவில்லை என்பது அவருடைய கணக்கு. தடுமாறினால் "யோசிச்சுப்போட்டு எடும்" என்று போனை வைத்துவிடுவார். பிறகு இன்னொரு மணித்தியாலம் கந்தோரில் தூங்கி விழவேண்டியதுதான். கந்தோரில் இருந்த பெண் என்மேல் இரக்கப்பட்டு, "இண்டைக்கு முதல் வசனம் இருக்கோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுத்தான் இணைப்புத் தருவாள்.

ஒருநாள் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட பஸ் மதகில் மோதிச் சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய், காயப்பட்ட பிள்ளைகளின் பெயரெல்லாம் எழுதிக்கொண்டு கந்தோருக்கு வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு தொடங்கினேன்.

"இன்று காலை ஏழரை மணியளவில் தெல்லிப்பழைக்கு அண்மையில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ் வண்டி ஒன்று..."

"எத்தினை பிள்ளையள் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை, சேர். காயம்தான்."

"அதுதான் முதல் வசனம்."

எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் விளங்கியிருக்கவேணும், வழக்கத்துக்கு மாறாக இரண்டு வசனம் கூடுதலாகக் கதைத்தார். "அந்தப் பஸ்ஸிலை பிள்ளையை அனுப்பின தாய் றேடியோவுக்கு முன்னாலை நிக்கிறாள் எண்டு நினையும். பஸ் எண்டும் மோதியது எண்டும் நீர் வாசிச்சு முடிக்க அவளுக்கு உயிர் போயிடும். ஆர் பயந்துகொண்டு கேக்கினமோ, அவைக்குச் சொல்லவேண்டியதை முதல்லை சொல்லும்."

செய்தி அமைப்பைப்பற்றி நான் படித்த பாடம் இவ்வளவுதான். இருபத்தைந்து வருடத்துக்கு இதுவே போதுமாக இருந்தது.

தொலைக்காட்சி தொடங்கியதும் அருமைநாயகம் சேர் அங்கே போனார். என்னையும் இழுத்துக்கொண்டார். வானொலியில் செய்தியின் பெறுமதிதான் அதன் இடத்தைத் தீர்மானிக்கும். தொலைக்காட்சியில் படம் உள்ள செய்தி படியேறும், படமில்லாதது படியிறங்கும். நெல்லுக்கு விலை குறைந்து நாலு ஊர் பட்டினி கிடந்தாலும் படமில்லையென்றால் வாசிப்பவர் முகத்தோடு பத்துச் செக்கன். ஒரு அமைச்சர் ரிபன் வெட்டினால் நாற்பது செக்கன். இது எனக்குப் பிடிக்கவில்லை. சேருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் சம்பளம் அதற்குத்தான்.

செய்தி தொடங்கமுன்னர் ஒரு தாளில் வரிசை போடுவார்கள். தலைப்புகள், அரசாங்கச் செய்தி, மாவட்டச் செய்தி, வெளிநாடு, விளையாட்டு, திரும்பவும் தலைப்புகள், கடைசியாக வானிலை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இத்தனை நிமிடம், இத்தனை செக்கன் என்று எழுதியிருக்கும். எல்லாம் கூட்டினால் கால் மணித்தியாலம் வரவேணும். ஒரு செக்கன் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதனால் வானிலையை ரப்பர்போல வைத்திருப்பார்கள். முன்னுக்கு ஆரோ நீட்டிவிட்டால் வானிலையைச் சுருக்குவார்கள். நேரம் மிஞ்சினால் அதையே இழுப்பார்கள். கொழும்பிலே இருப்பவர்களுக்கு வானிலை வெறும் ரப்பர்தான். எங்கள் கரையோரத்துச் சனத்துக்கோ முழுச் செய்தியிலும் அது ஒன்றுதான் செய்தி. முன்னுக்குப் போனதெல்லாம் அவர்களுக்கு மேளக்கச்சேரி.

கொழும்பு ஆட்களுக்குப் புது வீடியோ கமரா வந்திருந்தது. எங்களைப்போல மாவட்டக்காரருக்குப் பழைய பதினாறு மில்லிமீற்றர் கமரா. மணிக்கூட்டைப்போல சாவி கொடுத்தால் ஓடும். சத்தம் பதியாது. நூறு அடிச் சுருளில் மூன்று நிமிடம்கூட வராது, ஆகையால் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிப்பேன். எடுத்த சுருளைத் தகர டப்பாவில் போட்டு, எந்தக் காட்சி எத்தனை செக்கன் என்று ஒரு காட்சித்தாள் எழுதிச் சுற்றி, கொழும்பு போகும் காலைக் கோச்சியில் ரயில் கார்டிடம் கொடுத்துவிடவேணும். டப்பாவுக்கு வெளியே இடம், விஷயம், திகதி மூன்றும் எழுதவேண்டும் என்பது சட்டம். படம் ஒளிபரப்பானபின் டப்பா கொழும்பு அலுமாரியில் ஏறிவிடும்.

நான் ஒரு தரம் திகதி எழுதவில்லை.

அது தொலைக்காட்சிக்கு நான் வேலைசெய்யத் தொடங்கிய புதிது. கார்த்திகை மாதத்து வாடைக்காற்று குருநகர்க் கரையைப் புரட்டிப்போட்டிருந்தது. கரையில் இழுத்துவிட்டிருந்த வள்ளங்களிலே ஒன்றை அலை தூக்கி மதிலில் அடித்து, ஒரு பக்கப் பலகை பிளந்துபோய்க் கிடந்தது. ஆளுக்குச் சேதமில்லை. அந்தோனிப்பிள்ளை என்ற மனிதரின் வள்ளம். அவருடைய மனைவி திரேசம்மா பக்கத்தில் நின்றாள். வள்ளத்தின் முன்பக்கம், அதாவது அணியத்தில், வெள்ளைப் பெயின்ரால் ஒரு சிலுவை கீறியிருந்தது. சிலுவையின் ஒரு கை கீழே சரிந்திருந்தது. "ஆர் கீறினது?" என்று கேட்டேன். "நான்தான் அண்ணை. பெயின்ற் வழியுதெண்டு அவசரப்பட்டிட்டன்" என்றாள். இடிந்துபோய் நின்ற நேரத்திலும் அதைச் சொல்லி வெட்கப்பட்டாள். அந்தச் சிலுவையில் தொடங்கி உடைந்த பலகை வரைக்கும் கமராவை மெல்லத் திருப்பினேன். நல்ல காட்சி. எட்டுச் செக்கன்.

ஸ்ரேசனுக்கு ஓடிப்போய், வாங்கிலே வைத்து டப்பாவில் "குருநகர். புயல். உடைந்த வள்ளம்" என்று எழுதுகிறேன், கார்ட் விசில் ஊதிவிட்டார். அப்படியே அவரிடம் நீட்டினேன். உள்ளே தாளில் திகதி இருக்கிறதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தாளும் டப்பாவும் ஒன்றையொன்று விட்டுப் பிரியும் என்று அப்போது நினைக்கவில்லை.

அடுத்த வருடமும் கார்த்திகை வந்தது, வாடை வந்தது. அந்தோனிப்பிள்ளை பலகை மாற்றி, மோட்டர் பூட்டி, பழையபடி தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். காற்று அடித்த அன்று குருநகரில் இருந்து போன இரண்டு வள்ளங்கள் திரும்பவில்லை. கந்தோருக்குப் போய் ரங்கோல் எடுத்தேன். ரயில் பாதையில் மரம் விழுந்து கோச்சி ஓடவில்லை, படம் அனுப்ப வழியில்லை.

"முதல் வசனம்?"

"ரெண்டு வள்ளம் இன்னும் கரைக்குத் திரும்பேல்லை, சேர். தேடிக்கொண்டிருக்கினம்."

"காணாமல் போனது எண்டு போடட்டோ?"

"வேண்டாம் சேர். திரும்பேல்லை எண்டே போடுங்கோ."

நான் சொன்னபடியே எழுதினார். எங்கள் இருவரிலும் பிழையில்லை என்றுதான் நினைத்தோம்.

அன்று பின்னேரம் அரியாலையில் என் வீட்டில் இருந்து செய்தி பார்த்தேன். மழை விட்டிருந்தது. என் மனைவி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். யாழ்ப்பாணச் செய்தி மூன்றாவதாக வந்தது. இரண்டு வள்ளங்கள் இதுவரை திரும்பவில்லை என்று வாசிப்பவர் சொல்ல, திரையில் வெள்ளைச் சிலுவை ஒன்று வந்தது. மெல்ல நகர்ந்தது. பிளந்த பலகை வந்தது.

உண்மையைச் சொல்லவேணும். முதல் எனக்குப் பெருமைதான் வந்தது. என்னுடைய படம், படியேறியிருக்கிறது, எவ்வளவு நிதானமாகக் கமராவைத் திருப்பியிருக்கிறேன் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் கேட்டாள்.

"உது ஆரின்ரை வள்ளம்? உடைஞ்செல்லோ கிடக்கு. ஆக்கள்?"

திரும்பாத இரண்டில் ஒன்று அந்தோனிப்பிள்ளையினுடையது. அது கரையில் உடைந்து கிடப்பதாக நாடு முழுக்கக் காட்டியாயிற்று. குருநகர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அந்தக் கரையே அதற்கு முன்னால் இருந்திருக்கும்.

மோட்டார் சைக்கிள் ஈரத்தில் உதைத்து உதைத்தும் கிளம்பவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழி நெடுக முதல் வசனம் தேடினேன். "பயப்படாதையுங்கோ" என்று சொல்ல நான் யார்? கடலுக்குப் போன மனிதன் எங்கே என்று எனக்கும் தெரியாது.

அழுகைச் சத்தம் சந்தியிலேயே கேட்டது. சனசமூக நிலையத்துக்குள் பெண்கள் திரேசம்மாவைச் சுற்றி இருந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். அவள் அழவில்லை. சீமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "நீங்களும் பாத்தனீங்களோ, அண்ணை?" என்றாள்.

"அந்தப் படம் போன வருசத்தது, பிள்ளை. நான் எடுத்தது."

அவளுக்குக் காதில் ஏறவில்லை. பின்னால் நின்ற ஒரு மனிதர் என் தோளில் கைவைத்து, "சும்மா ஆறுதல் சொல்லாதையுங்கோ. கவுண்மேந்துச் செய்தியிலை பழைய படத்தைப் போடுவாங்களோ?" என்றார். இருபது வருடத்துக்கு மேலாக நாங்கள் சம்பாதித்துவைத்த நம்பிக்கை அன்றைக்கு எங்களுக்கே எதிராக நின்றது. காட்சித்தாளின் பிரதி வீட்டில் கிடந்தது. கையில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அந்தச் சிலுவை நினைவுக்கு வந்தது.

அவளுக்கு முன்னால் குந்தினேன். "பிள்ளை, படத்திலை சிலுவை எப்பிடி இருந்தது?"

"சரிஞ்சு."

"இப்ப வள்ளத்திலை எப்பிடி இருக்கு?"

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"பலகை மாத்தேக்கை ஓடாவி அழிச்சுப்போட்டு நேராக் கீறிவிட்டவர்" என்றாள். வள்ளத் தச்சனைத்தான் ஓடாவி என்பார்கள். பிறகு, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் திரும்பி, "இப்ப நேராத்தானே அக்கா இருக்கு?" என்று கேட்டாள். "ஓம், நேராத்தான்" என்றாள் அவள். நேராத்தான், நேராத்தான் என்று வாய்க்கு வாய் போய் அழுகை முன்னுக்கிருந்து பின்னுக்கு மெல்ல நின்றது.

எனக்கும் மூச்சு வந்தது. ஆனால் திரேசம்மா என்னை விடவில்லை.

"அப்ப அவர் எங்கை?"

"தெரியாது, பிள்ளை."

இத்தனை வருடம் செய்தி சொன்ன வாய்க்கு அந்த ஒரு சொல்லைப்போல எதுவும் பாரமாக இருந்ததில்லை. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

"தெரியாதெண்டால் பரவாயில்லை, அண்ணை. தெரியாதெண்டால் பாத்துக்கொண்டிருக்கலாம்."

மறுநாள் கந்தோர் திறக்கமுன்னரே வாசலில் நின்றேன்.

"முதல் வசனம்?"

"நேற்றுக் காட்டின படம் போன வருசத்தது, சேர். டப்பாவிலை திகதி போடாதது நான்."

"அலுமாரியிலை எடுத்தவன் கேட்டிருக்கவேணும். கேளாமல் விட்டது நான்" என்றார். "அந்தப் பெண்ணைப் பாத்தனீரோ?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அன்றைய செய்தியில் தலைப்புகள் முடிந்தவுடன், முதல் செய்தியாக, நேற்றுக் காட்டப்பட்டது பழைய படம் என்று வாசிக்கப்பட்டது. அரசாங்கச் செய்திக்கு முன்னால் ஒரு திருத்தம் போவதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அதற்காக அவர் மேலிடத்தில் வாங்கிக் கட்டியதைப் பிறகு வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

மூன்றாம் நாள் இரண்டு வள்ளமும் வந்தன. காற்றுக்கு நெடுந்தீவில் ஒதுங்கியிருந்திருக்கிறார்கள். தீவில் இருந்து செய்தி அனுப்ப வழியில்லை. அந்தோனிப்பிள்ளை கரையில் இறங்கி, ஊர் தன்னைப் பார்த்த பார்வையில் வெருண்டுபோய், "என்ன, ஆரும் செத்திட்டினமோ?" என்று கேட்டாராம். இப்போதும் அதை நினைத்தால் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

"வந்திட்டினம், சேர்" என்றுதான் அன்றைக்கு முதல் வசனம் சொன்னேன். வாசித்தார்கள். வாசிப்பவர் முகத்தோடு, ஆறு செக்கன்.

ஒரு கிழமை கழித்துத் திரேசம்மா அரியாலைக்கு என் வீடு தேடி வந்தாள். கையில் ஓலைப்பையில் பாரை மீன். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் வழக்குக்கு வந்திருந்தாள்.

"வந்திட்டினம் எண்டு வாயாலைதானே அண்ணை சொன்னவை. உடைஞ்சதைக் கண்ணாலை காட்டினவை. சனத்துக்குக் கண்ணிலை நிக்கிறது உடைஞ்ச வள்ளம்தான். முழு வள்ளத்தையும் ஒருக்கால் படம் எடுங்கோ. இனி எப்பவாலும் வள்ளம் காட்டவேணுமெண்டால் அதைக் காட்டட்டும்."

என் மனைவி மீனை வாங்கிக்கொண்டு, "அவ சொல்லுறது ஞாயம்தானே" என்றாள். வீட்டிலும் நீதிமன்றம்.

செய்தியே இல்லாத ஒன்றுக்கு அரைச் சுருள் பிலிம் செலவழித்தது என் தொழிலில் அந்த ஒருமுறைதான். விடியக்காலையில் வள்ளம் போவதை எடுத்தேன். அந்தோனிப்பிள்ளை, அவருடைய கூட்டாளிப் பெடியன் யோசேப்பு, இன்னொருவர். அணியத்தில் சிலுவை நேராக நின்றது. மத்தியானம் திரும்பி வருவதையும் எடுத்தேன். திரேசம்மா முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி நின்று அணியத்தைப் பிடித்தாள். டப்பாவின் நாலு பக்கத்திலும் திகதி எழுதினேன். "உமக்கு இப்ப திகதி வருத்தம் பிடிச்சிட்டுது" என்றார் சேர், டப்பா கிடைத்தபிறகு போனில்.

தை மாதம் போல, வானிலை வாசிக்கும்போது பின்னால் ஒரு படம் ஓடத் தொடங்கியது. எங்கள் வள்ளம். கரையில் இருந்து கிளம்பி, வெளிச்சத்துக்குள் போய்ச் சிறுத்துக்கொண்டே போகும். எட்டுச் செக்கன். ஒவ்வொருநாளும். குருநகரில் ஒரே புளுகமும் சந்தோசமும். பார்க்காத ஆளில்லை. அந்தோனிப்பிள்ளை தெருவில் நடந்தால் "என்ன, இண்டைக்கும் கொழும்பிலை கடல் எப்பிடி?" என்று பகிடி பண்ணுவார்கள்.

மூன்று கிழமை கழித்துத் திரேசம்மா திரும்பவும் வந்தாள். இந்த முறை மீனில்லை.

"யோசேப்பு தொழிலுக்கு வாறேல்லை, அண்ணை. தாய் விடுகிறாவில்லை."

"ஏன்?"

"எங்கடை பக்கத்திலை கடலுக்குப் போறவன் 'போறன்' எண்டு சொல்லமாட்டான். 'போட்டு வாறன்' எண்டுதான் சொல்லுவான். உவங்கள் ஒவ்வொருநாளும் போறதைத்தானே காட்டுறாங்கள். வாறதைக் காட்டுறாங்களில்லை. மூண்டு கிழமையா என்ரை மனுசன் போய்க்கொண்டே இருக்கிறார். வள்ளம் திரும்பாத வள்ளமாப் போச்சுது எண்டு சனம் கதைக்குது. மற்ற ஆளும் நாளையோடை நிக்கப்போறன் எண்டு சொல்லிப்போட்டார். தனிய இவர் போகேலுமோ?"

வேறு ஆராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பத்துப் பதினைந்து மைல் தள்ளியிருக்கும் வயல்காரருக்கு இது விளங்காது. கொழும்புக்கு அறவே விளங்காது. ஆனால் என்னுடைய வீட்டிலும் கடைக்குப் போவதற்கு "போறன்" என்று சொன்னால் மனைவி திரும்பக் கூப்பிட்டு 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லவைப்பாள். இப்போதும் மனைவி ஒதுங்கி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கந்தோருக்குப் போனேன். வழக்கமான பெண், "முதல் வசனம் இருக்கோ அண்ணை?" என்றாள். "இண்டைக்கு அதுதான் பயமாயிருக்கு" என்றேன்.

"முதல் வசனம்?"

"அந்த வள்ளம் திரும்பி வரவேணும், சேர்."

"எந்த வள்ளம்? காற்று ஒண்டும் இல்லையே."

"வானிலைக்குப் பின்னாலை போற வள்ளம். போறது மட்டும்தான் போகுது. சுருளிலை வாறதும் இருக்கு. போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவை, சேர். மூண்டு கிழமையா வரேல்லை எண்டு கூட்டாளியள் தொழிலுக்கு வரமாட்டம் எண்டினம்."

சொல்லி முடித்தபின்தான் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று உறைத்தது. அந்தப் பக்கத்தில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. திட்டுவார் என்று போனைக் கொஞ்சம் காதுக்கு விலக்கிப் பிடித்தேன்.

"எத்தினை செக்கன் வேணும்?"

"நாலு காணும், சேர்."

"வையும்."

அவ்வளவுதான். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பின்னேரம் குருநகர்ச் சனசமூக நிலையத்துக்கே போனேன். நிற்க இடமில்லை. திரேசம்மா ஆருக்கோ வாய்விட்டுச் சொல்லியிருக்கவேண்டும். அந்தோனிப்பிள்ளை வாசற்படியில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். யோசேப்பு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய தாய் பின்னால், பார்க்க வராதவள்போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைப்புகள் போயின. அரசாங்கச் செய்தி வந்தது. ஒரு அமைச்சர் புதுக் கட்டடம் ஒன்றுக்கு முன்னால் நின்றார். தட்டிலே கத்தரிக்கோல் வந்தது, எடுத்தார், கத்தரிக்கோல் திறந்தது, ரிபன் அறுபடமுன்னரே அடுத்த செய்தி வந்துவிட்டது. சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நாலு செக்கன் எங்கேயிருந்து வந்தது என்று கண்டுகொண்டேன். வெளிநாடு போனது, விளையாட்டுப் போனது, திரும்பவும் தலைப்புகள் போயின.

வானிலை. வடக்குக் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும் என்றார் வாசிப்பவர். வள்ளம் கிளம்பியது. வெளிச்சத்துக்குள் போய்ச் சிறுத்தது. எட்டுச் செக்கன். வழக்கமாக அந்த இடத்தில் படம் நின்றுவிடும். நிற்கவில்லை. நேரான சிலுவை ஒன்று திரையில் பெரிதாகிக்கொண்டு வந்தது. முழங்கால் தண்ணீருக்குள் நின்ற பெண் கையை நீட்டி அணியத்தைப் பிடித்தாள். செய்தி முடிந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. அந்தோனிப்பிள்ளை, "வந்திட்டன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி.

சனம் கலைந்தபோது யோசேப்பின் தாய் மகனுக்குக் கிட்ட வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நாளைக்குப் போட்டு வா."

அடுத்த வருடம் கொழும்புக்குப் போனபோது, எனக்குத் தடிமன் பிடித்த அந்த இரண்டாவது தரம், செய்தி அறையில் வரிசைத் தாளைப் பார்த்தேன். கடைசி வரியில் வானிலைக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால், சேருடைய கையெழுத்தில் எழுதியிருந்தது: பன்னிரண்டு செக்கன். குறைக்கக்கூடாது.